இரவல் ஸ்டெப்னி: ஏழாம் நாளுக்குப் பிறகு வெடித்த டயருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். என் காருக்கு ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். சென்னையிலிருந்து திரும்பும்போது உளுந்தூர்பேட்டை அருகே இரவில் டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. வயதான அம்மாவோடு ரோட்டோரம் மூன்று மணி நேரம் நின்றோம். ஆண்டுச் சந்தா கட்டியிருந்த சாலை உதவி நிறுவனத்தின் ஆள் வந்து, 5,000 ரூபாய் டெபாசிட் வாங்கிக்கொண்டு இரவல் வீல் ஒன்றை மாட்டினார். ஏழு நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற அவர்களுடைய ஜாப் கார்டை (வேலை விவரச் சீட்டு) இருட்டில் படிக்காமலே ஓ.டி.பி. சொன்னேன். பேச்சில் துளியும் மரியாதை இல்லை. போதாததற்கு இரவுக் கட்டணம் என்று 1,800 ரூபாய் தனியாக வாங்கினார். அதைத் திருப்பித் தந்தால்தான் வீல் கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். அவர்களும் வந்து கேட்கவில்லை. பத்தாம் நாளே புது டயர் வாங்கி என் ரிம்மில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டேன்; புது டயரை எதற்குத் தேய்ப்பது என்று இரவல் வீலிலேயே ஓட்டினேன். 29ஆம் நாள் கொடைக்கானல் போய்த் திரும்பும்போது மணப்பாறை அருகே அந்த டயர் வெடித்து, கார் சென்டர் மீடியனில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பம்பரும் ஹெட்லைட்டும் போய்விட்டன. இப்போது வீலுக்கு 22,000, ஏழு நாளுக்கு மேற்பட்ட 38 நாளுக்குத் தினம் 400 வீதம் 15,200, டெபாசிட் கழித்து மொத்தம் 32,200 ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய டயரைத் தலையில் கட்டிய அவர்கள் மீது நான் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியுமா?

பதில்: மூன்று மணி நேரக் காத்திருப்பு, அந்த ஆளின் வாய்த்துடுக்கு, அம்மாவின் அவஸ்தை எல்லாவற்றையும் ஒரு ஓரமாக வையுங்கள். இந்த வழக்கில் அவற்றுக்கு வேலையில்லை. வேலை இருப்பது ஒரே ஒரு காகிதத்துக்கு: பத்தாம் நாள் நீங்கள் வாங்கிய புது டயரின் பில்.

இரவல் வீல் சட்டத்தின் பார்வையில் 'ஒப்படைப்பு'. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 148ஆம் பிரிவில் தொடங்கும் சமாசாரம். அதில் 160ஆம் பிரிவு, கெடு முடிந்ததும் அல்லது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த வேலை முடிந்ததும், கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. 'வந்து கேட்கவில்லை' என்ற உங்கள் வாதம் அந்தக் 'கேட்காமலேயே'வில் அடிபட்டுப்போகிறது. கெடு ஏழு நாள். கெடுவே எழுதப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும், சொந்த ரிம்மில் புது டயர் ஏறிய பத்தாம் நாளோடு வேலை முடிந்துவிட்டது. அடுத்து 161ஆம் பிரிவு. உரிய காலத்தில் திருப்பித் தராதது வாங்கியவரின் தவறு என்றால், அந்த நாளிலிருந்து பொருளுக்கு வரும் நஷ்டம், அழிவு, தேய்மானம் எல்லாம் அவர் தலையில்தான். டயர் வெடித்தது 29ஆம் நாள்.

அதே டயர் ஐந்தாம் நாள் வெடித்திருந்தால் நானே உங்களுக்காக வழக்குப் போட்டிருப்பேன். 150ஆம் பிரிவுப்படி, வாடகைக்குக் கொடுத்த பொருளில் குறை இருந்தால், கொடுத்தவருக்கு அது தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் பொறுப்பு அவருடையது. சந்தா வாங்கிக்கொண்டு கொடுத்த வீலை 'இலவசம்' என்று அவர்கள் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் கெடு தாண்டிய பிறகு, மலைப்பாதையில் ஏற்றி இறக்கிய பிறகு, அந்தப் பிரிவை வைத்து உங்கள் பம்பருக்குப் பணம் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் 154ஆம் பிரிவை எடுப்பார். சொன்ன நிபந்தனைக்கு மாறாகப் பயன்படுத்தியவருக்கு அது தரும் தண்டனை கடுமையானது. ஜாப் கார்டில் 'தற்காலிகப் பயன்பாடு', 'வேகம் 80க்குள்' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருட்டில் படிக்காமல்தான் ஓ.டி.பி. சொன்னேன் என்பது எடுபடாது. அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. கொடைக்கானல் பயணத்தையும் மறைக்க முடியாது, ஃபாஸ்டேக் கணக்கில் டோல்கேட் பெயரும் நேரமும் வரிசையாக நிற்கும்.

உங்களைக் காப்பாற்றக்கூடிய கதவு ஒன்றுதான். ஏழு நாளுக்குள் 'வீல் தயார், எங்கே ஒப்படைப்பது, யார் வந்து எடுப்பது' என்று ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பி, அவர்கள் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், தாமதம் உங்கள் தவறல்ல என்று நிற்கலாம். நீங்கள் அனுப்பியதோ நேர் எதிரான செய்தி.

அந்தச் செய்திதான் எனக்குக் கவலை. 32,200 ரூபாய் அவ்வளவு பெரிய விஷயமில்லை. 'என் 1,800 வராமல் உங்கள் வீல் வராது' என்ற வகையில் எழுதிவிட்டு வருகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர். வீல், வாடகை வீட்டுச் சாவி, சர்வீஸுக்குப் போன இடத்தில் கிடைத்த இரவல் ஸ்கூட்டர் என்று பொருள்தான் மாறும். எல்லோருக்கும் ஒரே நம்பிக்கை: அவன் என் பணத்தை வைத்திருக்கிறான், நான் அவன் பொருளை வைத்திருக்கிறேன், கணக்குச் சரி. சட்டத்தில் அப்படிக் கணக்கில்லை. பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை 170ஆம் பிரிவுப்படி, அந்தப் பொருள் மீது உழைப்பைப் போட்ட மெக்கானிக்குக்கும் தையல்காரருக்கும் உண்டு. அவர்கள் வீலில் நீங்கள் செய்த ஒரே வேலை, அதை ஓட்டித் தேய்த்தது.

இதற்குப் பிறகு நடப்பது எனக்கு மனப்பாடம். நிறுவனத்தின் ஏரியா மேனேஜர் நோட்டீஸோடு நிற்க மாட்டார். ஸ்டேஷனில் ஒரு புகாரும் கொடுப்பார். நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. உங்கள் விஷயத்தில் அந்தக் குற்றம் நிற்காது என்பது என் கருத்து. நேர்மையற்ற எண்ணத்தை அவர்கள் நிரூபித்தாக வேண்டும். ஆனால் அந்த எண்ணத்துக்குச் சாட்சியாகக் காட்ட உங்கள் வாட்ஸ்அப் செய்தியையே பிரிண்ட் எடுத்து இணைத்திருப்பார்கள். சி.எஸ்.ஆர். (புகாருக்கான ரசீது) போட்டு உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் மாமாவையோ வார்டு கவுன்சிலரையோ கூட்டிக்கொண்டு போவீர்கள். எஸ்.ஐ. நல்லவிதமாகவே, 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க சார், எதுக்கு வம்பு' என்பார். 'மேற்படி தொகையை இரண்டு தவணையில் செலுத்திவிடுகிறேன்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வருவீர்கள். மறுநாள் என்னிடம் வந்து, பேரம் பேச முடியுமா என்று கேட்பீர்கள். முழுத் தொகையையும் ஒப்புக்கொண்ட பிறகு எதை வைத்துப் பேசுவது? பணம் வசூலித்துக் கொடுப்பது போலீஸ் வேலையே அல்ல. ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் போங்கள், பேசுங்கள், வீலை எப்போது வேண்டுமானாலும் தரத் தயார் என்று எழுத்தில் கொடுங்கள். தொகை என்று எதையும் எழுதாதீர்கள்.

அதற்கு முன்பே, இன்றைக்கே, வெடித்த டயரோடு அந்த வீலை எங்கே ஒப்படைக்க என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். தினம் 400 என்ற மீட்டர் அங்கேயே நிற்கும். டயரைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதுதான் இப்போது உங்கள் கையிலிருக்கும் ஒரே ஆயுதம். அதன் சைடுவாலில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. அதைப் போட்டோ எடுங்கள். கிழியாத பகுதியில் பட்டன் ஆழத்தை (மேற்பரப்புப் பள்ளங்களின் ஆழம்) அளந்து, ஸ்கேலோடு சேர்த்து இன்னொரு போட்டோ. காருக்கு மோட்டார் வாகன விதிகள் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். பொறுப்பிலிருந்து இது உங்களை விடுவிக்காது. ஆனால் ஏழெட்டு வருட டயருக்குப் புது டயர் விலை கேட்பவரின் வாயை அடைக்கும்.

தினவாடகை 15,200ஐயும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், 74ஆம் பிரிவுப்படி நியாயமான நஷ்டம்தான் கிடைக்கும். எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. 45 நாளாக ஒரு முறைகூட வந்து எடுக்காதவர்கள் அந்த வீல் இல்லாமல் தினம் 400 ரூபாய் இழந்தோம் என்று காட்டுவது சிரமம். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று நுகர்வோர் சட்டத்தில் அடிக்கலாமே என்று யாராவது தூண்டிவிடுவார்கள். அந்த மனு மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 15,200 ரூபாய்க்காகத் திருச்சியிலிருந்து வாய்தா வாய்தாவாக அலைவதற்கு நான் துணை வரமாட்டேன்.

ஆகவே, சமரசம். தேய்மானம் கழித்து வீலுக்கு ஒரு நியாய விலை, அதில் டெபாசிட் 5,000 கழிவு, தினவாடகை பூஜ்யம் என்று தொடங்குங்கள். ரிம் வளையாமல் இருந்தால் டயர் விலை மட்டும்தான் பேச்சு. டெபாசிட் போகக் கையிலிருந்து 10,000க்குள் முடிந்தால் முடித்துவிடுங்கள். அந்த 1,800ஐ மறந்துவிடுங்கள். சந்தா விதிகளில் இரவுக் கட்டணம் இல்லை என்றால் அது உண்மையிலேயே உங்களுக்கு வர வேண்டிய பணம்தான். மாவட்ட ஆணையத்தில் கேட்க இரண்டு வருடம் அவகாசமும் உண்டு. ஆனால் அந்த வழக்கைப் போட்ட மறுநாளே அவர்கள் வீலுக்கு சிவில் வழக்குப் போடுவார்கள்.

உங்கள் தரப்பு மின்னஞ்சல் ஒவ்வொன்றிலும் 'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற வரி இருக்கட்டும்; பேரம் பேசுவது தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று அர்த்தம். எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே பதில் நோட்டீஸாக்கிவிடாதீர்கள். புது டயர் டிக்கியில் இருந்த கதையை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கேட்டால் பொய் சொல்லவும் வேண்டாம்.

பொய் என்றதும் இன்ஷூரன்ஸ் ஞாபகம் வருகிறது. பம்பர், ஹெட்லைட் கிளெய்ம் இன்னும் போடவில்லை என்று தெரிகிறது. சர்வேயரிடம் 'என் டயர்தான்' என்று சொல்லச் சொல்லி ஒர்க் ஷாப்பில் யோசனை சொல்வார்கள். காரின் மற்ற மூன்று வீலோடு பிராண்டும் தேதியும் பொருந்தாத ஒரு டயரை அவர் முதல் போட்டோவிலேயே பார்த்துவிடுவார். பொய் கிளெய்ம் என்று முத்திரை குத்தினால் பாலிசிப் பலனே போய்விடும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்கவில்லை என்று சொல்லித் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கப் பார்ப்பார்கள். குறைத்தாலும் கொடுப்பதை வாங்கலாம். முழுவதையும் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

வீலை ஒப்படைக்கும்போது வாங்குகிறவரின் பெயர், தேதி, ரிம்மின் நிலை எழுதிய ரசீது வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். அதுவும் 'டெபாசிட் நேர் செய்யப்பட்டது, முழு இறுதித் தீர்வு, புகார் ஏதும் இருந்தால் திரும்பப் பெறப்படும்' என்ற கடிதம் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலில் வந்த பிறகு.