பாண்டுப் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். 2020 ஆவணியில் என் தாய்மாமன் மகனுக்கே என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கொரோனா நேரம் என்பதால் எங்கள் ஊர்க் கோயிலில் ஐம்பது பேருக்குள் நடந்த கல்யாணம். பத்திரிகை அடிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. ஓசூரில் குடியிருந்தோம். 2023 தீபாவளிக்கு அப்புறம் குழந்தையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறார். மகளுக்கு நான்கு வயது. நடுவில் அவளுடைய காதுகுத்துக்காக எல்லோரும் இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தோம், அவ்வளவுதான். போன மாதம் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நூறு ரூபாய் பாண்டுப் பேப்பரில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் போட்டுவிட்டார்கள். அவர் எனக்கு மூன்று லட்சம் தருவது, என் 12 பவுன் நகையைத் திருப்பித் தருவது, நானும் மகளும் இனி எந்த உரிமையும் கேட்கக் கூடாது என்பது அதில் உள்ள விஷயம். அவருக்குக் கிருஷ்ணகிரி பக்கம் பெண் பார்க்கிறார்கள். இந்தப் பத்திரம் போதுமா? கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றால் எங்கே, எத்தனை நாள் ஆகும்? நடந்ததையெல்லாம் ஜட்ஜ் முன்னால் சொல்ல வேண்டுமா? கோர்ட் என்றாலே அம்மா அழுகிறார்.

பதில்: போதாது. சட்டத்தின் கண்ணில் இன்றைய தேதிக்கு நீங்கள் அவருடைய மனைவிதான். அந்தக் காகிதம் உங்கள் திருமணத்தை முடித்துவைக்கவில்லை. நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டவர் இன்னார் என்பதற்கு மட்டுமே சாட்சி. இப்படித் திருமணப் பத்திரமும் விவாகரத்துப் பத்திரமும் போட்டுக் கொடுப்பது நோட்டரிகளின் வேலை இல்லை என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024 அக்டோபரில் அறிவுறுத்தியது. ஆனாலும் நம் பக்கத்தில் நின்றபாடில்லை.

‘எங்கள் வழக்கத்தில் அத்துவிடுவது உண்டு, அது செல்லும்’ என்று பெரியவர்கள் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 29-ஆம் பிரிவு வழக்காற்று விவாகரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உங்கள் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்துவருகிறது என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். எப்படியும் படி ஏற வேண்டும் என்றால், நேர்வழியிலேயே ஏறிவிடலாமே.

இதை உங்கள் மாமன் வீட்டாருக்கும் சொல்லுங்கள், அவர்கள் நன்மைக்காகவே. இந்தக் காகிதத்தை நம்பி அவருக்கு இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. முதல் திருமணத்தை மறைத்துக் கட்டினால் பத்து ஆண்டு வரை. அந்தக் கிருஷ்ணகிரிப் பெண்ணுக்குச் சட்டப்படி மனைவி என்ற நிலையே கிடைக்காது. நீங்கள் மறுமணம் செய்தாலும் இதே கதைதான்.

சரி, நேர்வழி எது? இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13-பி பிரிவு. கோர்ட் வளாகத்தில் ‘மியூச்சுவல்’ என்றால் எல்லோருக்கும் புரியும். இருவரும் சேர்ந்தே ஒரு மனுப் போடுகிறீர்கள், எதிர்மனுதாரர் என்று யாரும் கிடையாது. குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவருக்கும் சம்மதம். கேட்பது இந்த மூன்றும்தான். யார் அடித்தார், யார் பேசினார், எந்த மாமியார் என்ன செய்தார் என்பதெல்லாம் மனுவில் தேவையே இல்லை. நான் எழுதும் மனுக்களில் ‘கருத்து வேறுபாடு காரணமாக’ என்ற ஒரு வரியோடு அதை முடித்துவிடுவேன். ஆகவே ‘நடந்ததையெல்லாம் சொல்ல வேண்டுமா’ என்ற பயத்தை விடுங்கள். நீதிபதி கேட்பது, சம்மதம் உங்களுடையதுதானா, யாராவது மிரட்டினார்களா, இனி சேர்ந்து வாழ வாய்ப்பே இல்லையா, இவ்வளவுதான். அறையில் மற்றவர்கள் இருப்பது சங்கடமாக இருந்தால் தனியறை விசாரணை கேட்கலாம். குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984-இன் 11-ஆம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது.

காதுகுத்துக்கு இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிந்து வாழ்வது என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் பிரிந்து வாழ முடியும். சொந்தத்துக்குள் கட்டியவர்கள் விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

எந்த ஊர் கோர்ட் என்பதில் உங்களுக்கு வசதிதான். கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடம், மனு போடும்போது மனைவி வசிக்கும் இடம், இவற்றில் எதையும் வைத்து மனு போடலாம். ஓசூரை வைத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போடவும் உரிமை உண்டு. ஆனால் நீங்கள் குழந்தையை வைத்துக்கொண்டு பாலக்கோட்டில் இருக்கிறீர்கள். தருமபுரி குடும்பநல நீதிமன்றத்திலேயே போடுங்கள். அவர் பெங்களூரிலிருந்து இரண்டு மூன்று முறை வந்துபோவது பெரிய பாரம் இல்லை. வரவே முடியாத நாளில் காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம்.

கல்யாணம் பதியவில்லை என்பது விவாகரத்துக்குத் தடை இல்லை. 2009 முதல் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம்தான், ஆனால் பதியாததால் கல்யாணம் நடக்கவில்லை என்று ஆகாது. தாலி கட்டும் போட்டோ, இருவர் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் (அப்பா பெயர் இருக்குமே), ஒரே கார்டில் பெயர் இருந்தால் குடும்ப அட்டை நகல், இவற்றோடு வாருங்கள்.

இனி நாள் கணக்கு. மனுத் தாக்கலாகி அதற்கு வழக்கு எண் கிடைத்ததும் முதல் முறை இருவரும் ஆஜராக வேண்டும். கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சேர்த்துவைக்க முடியுமா என்று பார்ப்பது அந்த நீதிமன்றத்தின் கடமை, எரிச்சல்படாதீர்கள். அப்புறம் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருப்பது. ஆனால் 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில், இந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம், குழந்தை எல்லாம் உண்மையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும், இனிக் காத்திருப்பது வேதனையை இழுப்பது மட்டும்தான் என்று தெரிய வேண்டும். நீங்கள் 2023 தீபாவளியிலிருந்து தனியாக இருப்பதால் கால அளவில் தகுதி இருக்கிறது. முதல் ஆஜருக்கு ஒரு வாரம் கழித்தே, ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவைப் போடலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமை. அதனால் ‘ரெண்டு மாசத்துல முடிச்சுத் தரேன்’ என்று யாராவது சத்தியம் செய்தால் அவரை வக்கீலாக நியமிக்கும் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆறு மாதம் ஆகும் என்றே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் முடிந்தால் லாபம்.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபமான பகுதி. எனக்கு உறுத்துவது அந்தக் காகிதத்தில் இருக்கிற விஷயங்கள்தான். மியூச்சுவலில் நீதிபதி உங்களுக்காகப் பேரம் பேச மாட்டார். இருவரும் எழுதிக் கொண்டுவந்ததைப் பெரும்பாலும் அப்படியே தீர்ப்பில் சேர்த்துவிடுவார். பிறகு மேல்முறையீடும் கிடையாது. உங்கள் வாழ்க்கை தீர்மானமாவது இருவரும் எழுதிக் கொடுக்கும் அந்தச் சமரசக் குறிப்பில்தான்.

மூன்று லட்சம் என்கிறீர்கள். மகளுக்கு நான்கு வயது, பதினெட்டு ஆக இன்னும் 168 மாதம். மூன்று லட்சத்தை 168-ஆல் வகுங்கள். மாதம் 1,786 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. அதுவும் முழுப் பணமும் குழந்தைக்கே போனால். உங்களுக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. இது நியாயமான தொகை என்று நான் நினைக்கவில்லை. உங்களுக்கு உரியதை ஒரே தொகையாக வாங்குங்கள், குழந்தையின் செலவைத் தனியாக மாதாமாதம் என்று எழுதுங்கள், ஆண்டுக்கு இவ்வளவு கூடும் என்றும் சேர்த்து எழுதுங்கள். மாதப் பணம் ஒழுங்காக வராது என்று தோன்றினால், ஒரு பகுதியை மகள் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கிப் போடச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போட முடியும். காப்பாளர் நீங்களாக இருங்கள்.

‘மகளும் எந்த உரிமையும் கேட்கக் கூடாது’ என்ற வரியை முதலில் அடிக்க வேண்டும். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையை எழுதிக் கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை, ஊருக்கு எங்கிருந்து வரும்? விவாகரத்து கணவனுக்கும் மனைவிக்கும்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் விவாகரத்து கிடையாது. அவருடைய பூர்வீக நிலத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்தின்படி மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அவர் மறுமணம் செய்து பிள்ளை பெற்றாலும் அது போகாது. மகள் உங்களிடம் இருப்பாள் என்பதையும், அப்பா எப்போது வந்து பார்க்கலாம் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். ‘தேவைப்படும்போது’ என்று எழுதினால் சண்டை வரும். மாதத்தில் எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு, யார் வீட்டில் என்று எழுதுங்கள். அவரும் உங்கள் மாமன் மகன்தான், பாட்டி வீட்டுப் பொங்கலுக்கு அந்தக் குழந்தை போகத்தானே வேண்டும்.

நகையைப் பொறுத்தவரை 12 பவுன் என்று மட்டும் போடாதீர்கள். ஒவ்வொரு உருப்படியின் பெயரும் கிராமும் போட்டு, மொத்தம் 96 கிராம் என்று எழுதுங்கள். ‘நகைக்குப் பதில் பணம்’ என்று கல்யாணத்தின்போது இருந்த விலையைக் கணக்கிட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம், பொன்னாகவே கேளுங்கள். உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம், அதாவது உங்களுக்கே சொந்தமான சொத்து, அவர் விட்டுக்கொடுத்துத் தருவது அல்ல. பீரோ, கட்டில், பாத்திரங்களும் அப்படித்தான்.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘தீர்ப்பு வரட்டும், அப்புறம் தருகிறோம்’ என்பதை ஏற்காதீர்கள். பாதித் தொகையும் நகையும் முதல் ஆஜரின்போது, மீதி இறுதி ஆஜர் அன்று நீதிபதி முன்னால் டிடியாக. தீர்ப்புக்கு முன் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உங்களுக்கும் உரிமை. மீதி வரவில்லை என்றால் நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. அதேபோல அவரும் வராமல் போகலாம், அவர் சம்மதம் இல்லாமல் இந்தப் பிரிவில் தீர்ப்பு கிடைக்காது. நிலம் ஏதாவது தருவதாகப் பேச்சு வந்தால், விவாகரத்துக்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் பத்திரம் பதிந்துவிடுங்கள். மனைவியாக இருக்கும்வரைதான் குடும்ப உறுப்பினருக்கான குறைந்த முத்திரைத்தீர்வை.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். எஃப்ஐஆர் ஏதாவது இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். கணவர் கொடுமை வழக்கை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது, சென்னை உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும்.

வழக்கறிஞர் கட்டணம் கையைக் கடித்தால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, 15100-க்கும் கூப்பிடலாம். இருவருக்கும் ஒரே வக்கீல் போதும் என்று அவர் தரப்பில் சொல்வார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் பணம் இன்னும் பேசி முடியாத நிலையில் உங்களுக்கு என்று ஒருவர் இருப்பது நல்லது. தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை மாற்ற, பின்னால் மறுமணம் பதிய, எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

அம்மாவைத் தாராளமாக அழைத்து வாருங்கள், வெளியே பெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கட்டும். பேசிவைத்த பெரியவர்கள் மேல் கோபம் வேண்டாம். அவர்கள் சம்மதத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறார்கள், அது சின்ன வேலை இல்லை. தொகையைத் திருத்திப் பேச அவர்களையே மறுபடி உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பாண்டுப் பேப்பரையும் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், ஒரிஜினலையே கொண்டுவாருங்கள். விவாகரத்துக்கு அது உதவாது. ஆனால் 12 பவுன் தன்னிடம் இருக்கிறது என்று அவரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டது அதில்தான் இருக்கிறது.