விட்மன் எழுதியதா, விட்மன் நடத்திய பத்திரிகையில் வந்ததா?

கேள்வி: அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ஆரம்பகாலப் பத்திரிகை எழுத்துகளை முனைவர் பட்டத்துக்கு எடுத்திருக்கிறேன். கூடவே சிலவற்றைத் தமிழில் மொழிபெயர்த்தும் வருகிறேன். அவருடைய அரிய கட்டுரைகள், குறிப்பேடுகள் என்று 300 கோப்புகளை ஒருவர் பென் டிரைவில் தருகிறார். விலை 7,500 ரூபாய். மொழிபெயர்ப்பு உரிமைக்கு 'அனுமதிக் கடிதம்' தனியாக வாங்கித் தருவாராம், அதற்கு வேறு கட்டணம். வாங்கலாமா? பாதிக் கட்டுரைகளில் பெயரே இல்லை. அவை விட்மனுடையவைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1847ஆம் ஆண்டுக் குறிப்பேட்டிலேயே அவருடைய புதிய கவிதை நடை தொடங்கிவிட்டது என்று எழுதலாமா?

பதில்: வாங்காதீர்கள், தம்பி. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைப்பவை. 'ப்ரூக்ளின் டெய்லி ஈகிள்' நாளிதழை 1841இல் வந்த முதல் இதழிலிருந்து ப்ரூக்ளின் பொது நூலகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. குறிப்பேடுகளை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகம் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போட்டிருக்கிறது. வால்ட் விட்மன் ஆவணக் காப்பகம் என்றொரு தளம் உண்டு. எட் ஃபோல்சம், கென்னத் பிரைஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1995இல் தொடங்கியது. கவிதை, கதை, கடிதம், பத்திரிகைக் கட்டுரை எல்லாம் குறிப்புகளோடு அங்கே இருக்கின்றன. இவை எதற்கும் ஒரு ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. இப்படி விற்கப்படும் தொகுப்புகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். கோப்பின் பெயர் 'விட்மன் 114' என்று இருக்கும். உள்ளே ஒற்றைப் பத்தியாக வெட்டிய படம். பத்திரிகையின் பெயர், தேதி, பக்க எண் இருந்த மேல் ஓரம் போயிருக்கும். கட்டுரைக்கு அடியில் சின்ன எழுத்தில் எந்தப் பத்திரிகையிலிருந்து எடுத்தது என்று ஒரு வரி இருந்திருக்கலாம், அதுவும் போயிருக்கும். அந்த ஓரமும் அந்த வரியும்தான் உங்கள் ஆய்வுக்கு ஆதாரம். அவை இல்லாத படம், பத்திரம் இல்லாத மனை.

அனுமதிக் கடிதம் என்பது சுத்தமான ஏமாற்று. விட்மன் இறந்தது 1892 மார்ச் 26. நம் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் ஆனால் பதிப்புரிமை முடிந்தது. அவர் காலத்திலேயே பத்திரிகையில் அச்சான கட்டுரைக்கு இன்று உரிமையாளர் என்று யாரும் இல்லை. இல்லாத உரிமைக்குக் கடிதம் கொடுக்க யாரால் முடியும்? நீங்கள் சொல்லும் குறிப்பேட்டை எமரி ஹாலவே என்ற ஆய்வாளர் 1921இலேயே அச்சில் கொண்டுவந்துவிட்டார். தாராளமாக மொழிபெயர்க்கலாம். ஆனால் இந்தக் காலத்துப் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருடைய சொத்து. அதைத் தமிழாக்கி உங்கள் பெயரில் போட்டுவிடாதீர்கள்.

சரி, பெயரில்லாத கட்டுரைகளுக்கு வருவோம். உங்கள் கவலையில் நியாயமான பகுதி இதுதான்.

விட்மன் 12 வயதில் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கப் போனவர். 1838இல் லாங் ஐலண்டில் சொந்தமாக 'லாங் ஐலண்டர்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1842இல் நியூயார்க்கின் 'அரோரா', 1846 மார்ச் முதல் 1848 ஜனவரி வரை 'ஈகிள்', அதே ஆண்டு வசந்தத்தில் மூன்று மாதம் நியூ ஆர்லியன்ஸில் 'கிரெசென்ட்' என்று போய்க்கொண்டே இருந்தது அவருடைய பிழைப்பு. அன்றைய பத்திரிகைகளில் தலையங்கத்துக்குப் பெயர் போடும் வழக்கம் கிடையாது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆசிரியர் அவர், ஆகவே தலையங்கம் அவருடையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகை ஆசிரியரின் மேசையில் பேனாவுக்குப் பக்கத்திலேயே கத்தரிக்கோலும் இருந்தது. பத்திரிகை நடத்துபவர்கள் ஒருவருக்கொருவர் இதழ்களைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொள்ளலாம் என்று 1792ஆம் ஆண்டின் அமெரிக்கத் தபால் சட்டம் அனுமதித்தது. தினமும் ஊர் ஊராகப் பத்திரிகைக் கட்டுகள் வந்து விழும். பிடித்ததை வெட்டி அப்படியே அச்சுக்குக் கொடுப்பார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை, அதுதான் தொழில். சில சமயம் எடுத்த இடத்தைச் சொல்வார்கள், பல சமயம் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே 'ஈகிள்' இதழில் 1847இல் வந்தது என்பதால் மட்டும் ஒரு கட்டுரை விட்மனுடையது ஆகிவிடாது. அவர் எழுதியிருக்கலாம், அவர் வெட்டி ஒட்டியிருக்கலாம், வெளியிலிருந்து யாராவது எழுதி அனுப்பியிருக்கலாம்.

ஓர் ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இயல் முழுக்க, நகரத்துப் படகுத்துறை பற்றிய, இப்படி விலைக்கு வாங்கிய ஒரு கட்டுரையை வைத்து, விட்மனின் பிற்காலக் கவிதைக்கு அதுதான் வித்து என்று நிறுவியிருந்தார் அந்தப் பெண். நல்ல மொழி, நல்ல வாசிப்பு. கட்டுரையின் நடுவிலிருந்து ஏழெட்டுச் சொற்களை எடுத்துப் பழைய நாளிதழ்த் தளத்தில் தேடினேன். பத்து நாளுக்கு முன்பே வேறோர் ஊர்ப் பத்திரிகையில் அதே கட்டுரை எழுத்துக்கு எழுத்து வந்திருந்தது. மூன்று வருட உழைப்பில் ஓர் இயல் அப்படியே போயிற்று. அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அதை விற்றவன் மீதும், ஒருமுறைகூட மூல இதழைத் திறந்து பார்க்கச் சொல்லாத வழிகாட்டி மீதும் வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இது. விட்மன் என்ற பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். பெயரில்லாத கட்டுரையில் பெயர் எப்படி அகப்படும்? கட்டுரைக்குள்ளிருந்து கொஞ்சம் விசித்திரமான ஒரு தொடரைப் பிடியுங்கள். அதை 'ஈகிள்' தளத்திலும், காங்கிரஸ் நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்திலும் தேடுங்கள். இயந்திரம் படித்த எழுத்தில் பிழைகள் மலிந்திருக்கும், ஆகவே இரண்டு மூன்று தொடர்களைப் போட்டுப் பாருங்கள். முந்தைய தேதியில் வேறெங்காவது வந்திருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். வரவில்லை என்றால் ஆவணக் காப்பகத் தளத்தில் அந்தக் கட்டுரைக்கு என்ன குறிப்பு போட்டிருக்கிறார்கள், எதை வைத்து அவருடையது என்கிறார்கள் என்று படியுங்கள். அவருடைய பத்திரிகைக் கட்டுரைகள் என்று 1920இலும் 1932இலும் வந்த பழைய தொகுப்புகளை மட்டும் நம்பாதீர்கள். 'நடையைப் பார்த்தால் விட்மன்தான்' என்று எழுதவே எழுதாதீர்கள். அந்தக் கால நியூயார்க் பத்திரிகைக்காரர்கள் பலருக்கும் அதே நடைதான்.

பெயரோ புனைபெயரோ இருந்தால் வேலை சுலபம். 1840களின் கதைகள் பெரும்பாலும் வால்ட்டர் விட்மன் என்ற முழுப்பெயரில் வந்தன. 'பாமனாக்' என்று கையெழுத்திட்டால் அது லாங் ஐலண்டின் பழங்குடிப் பெயர், அவர் விரும்பி வைத்துக்கொண்டது. 'மோஸ் வெல்சர்' என்றால் அதில் அவருடைய அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் இருக்கிறது. 1858இல் 'நியூயார்க் அட்லஸ்' இதழில் ஆண்களின் உடல்நலம் பற்றி அந்தப் பெயரில் ஒரு தொடர் எழுதினார். சுமார் 47,000 சொற்கள். 2016 வரை அது வெளியே தெரியாமலே கிடந்தது.

பெயரே இல்லாத ஒன்றை நிச்சயமாக விட்மனுடையது என்று சொல்ல முடிந்த இடமும் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு ஆதாரம் இருந்தால் போதும் என்பதற்கு அதுதான் அளவுகோல். காங்கிரஸ் நூலகத்தில் உள்ள ஒரு குறிப்பேட்டில் விட்மன் ஒரு கதைக்கான திட்டத்தைக் கிறுக்கி வைத்திருந்தார். கோவர்ட் என்றொரு வக்கீல், விக்கிள்ஸ்வொர்த் என்றொருவர், ஜாக் எங்கிள் என்ற அநாதைப் பையன். அப்படி ஒரு கதையை அவர் எழுதினாரா என்று யாருக்கும் தெரியாது. சாக்கரி டர்பின் என்ற ஆய்வு மாணவர், கவனியுங்கள், உங்களைப் போல ஒரு மாணவர், அந்தப் பெயர்களைப் பழைய நாளிதழ்களில் ஒவ்வொன்றாகத் தேடினார். 1852 மார்ச் 13 தேதியிட்ட 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு சின்ன விளம்பரம் அகப்பட்டது: ஜாக் எங்கிளின் வாழ்க்கைக் கதை மறுநாள் முதல் 'சண்டே டிஸ்பாட்ச்' இதழில் தொடராக வரும். ஆசிரியர் பெயர் இல்லை. அந்த இதழை நூலகத்திலிருந்து படமெடுத்து வாங்கிப் பார்த்தால், கோவர்ட் இருக்கிறார், விக்கிள்ஸ்வொர்த் இருக்கிறார். ஆறு வாரம் வந்த முழுத்தொடர், 165 வருடம் கழித்து 2017இல் வெளியானது.

இதில் எத்தனை கண்ணிகள் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவருடைய சொந்தக் கையெழுத்தில் பாத்திரப் பெயர்கள். அச்சில் அதே பெயர்கள். அதே 'டிஸ்பாட்ச்' இதழுக்கு அவர் 1849இலும் 1850இலும் கடிதக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்ற முந்தைய தொடர்பு. நடை பற்றிய பேச்சே இதில் எழவில்லை. உங்கள் பெயரில்லாக் கட்டுரைகளில் ஏதாவது ஒன்றுக்கு இதில் பாதி ஆதாரம் கிடைத்தாலும் துணிந்து எழுதுங்கள்.

இப்போது அந்த 1847. எழுத வேண்டாம். உள்ளட்டையில் குறித்துள்ள பெயரை வைத்து அந்தக் குறிப்பேட்டை டால்பட் வில்சன் குறிப்பேடு என்பார்கள். அதில் 1847 என்று தேதியிட்ட குறிப்புகள் இருப்பதால் ஹாலவே முழு நோட்டையுமே 1847 என்று வைத்தார். பல தலைமுறை அதையே திருப்பித் திருப்பி எழுதியது. ஆனால் வீட்டில் பழைய கணக்கு நோட்டு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முன்பக்கத்தில் ஒரு வருடத்துப் பால் கணக்கு, மீதிப் பக்கத்தில் ஏழு வருடம் கழித்துப் பிள்ளை போட்ட கணக்கு. விட்மனும் நோட்டுகளை அப்படித்தான் பயன்படுத்தினார். கவிதை வரிகள் 1850களின் முற்பகுதியைச் சேர்ந்தவை, பெரும்பாலும் 1854 ஒட்டியவை என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் ஏற்கும் கருத்து. அதாவது 1855 ஜூலையில் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பான 'புல்லின் இதழ்கள்' வெளிவருவதற்குச் சற்று முன்பு.

இதனால் உங்கள் ஆய்வு சப்பென்று போய்விடாது. நோட்டில் அவர் 'நான் அடிமைகளின் கவிஞன், அடிமைகளின் எஜமானர்களின் கவிஞன்' என்று எழுதி, கீழேயே உடலின் கவிஞன் என்று தொடர்கிறார். அச்சில் வந்தபோது உடலும் ஆன்மாவும் நின்றன, அடிமையும் எஜமானும் இருந்த வரி போய்விட்டது. 1847 செப்டம்பரில் 'ஈகிள்' தலையங்கத்தில் அடிமைமுறை பரவுவதை உழைப்பாளிகள் பக்கம் நின்று எதிர்த்தவர், அந்த அரசியலுக்காகவே 1848 தொடக்கத்தில் முதலாளியோடு முறிந்து வேலையை இழந்தவர், கவிதைக்கு வரும்போது அந்த வரியை ஏன் எடுத்தார்? அதற்குள் போங்கள். இடையில் ஏழு வருடம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால்தான் அந்தக் கேள்வியே பிறக்கும்.

குறிப்பேடு பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது விட்மனின் மூலக் கையெழுத்துத் தாள் இருக்கிறது என்று வந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக காங்கிரஸ் நூலகம் 1942இல் வெளியூருக்கு அனுப்பிய பெட்டிகள் 1944இல் திரும்பியபோது பத்துக் குறிப்பேடுகள் காணாமல் போயிருந்தன. நீங்கள் கேட்ட டால்பட் வில்சனும் அவற்றில் ஒன்று. 1995இல் ஓர் ஏல நிறுவனத்துக்கு விற்பனைக்கு வந்தபோதுதான் அதோடு சேர்த்து நான்கு திரும்பக் கிடைத்தன.

இடைத்தரகர்கள் தொல்லை விட்மனுக்கே இருந்தது. தன் சின்ன வயதுக் கதைகள் சத்தமில்லாமல் மறதியில் போய்விட வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டார். யாரோ வெளியாட்கள் திருட்டுப் பதிப்பு போடப் போவதாக அறிவித்ததால், வேறு வழியில்லாமல் சிலவற்றை 1882இல் தானே தன் உரைநடை நூலின் பின்னிணைப்பில் சேர்த்தார்.

உங்கள் துறையில் 'இணையதள மேற்கோள் கூடாது, ஐஎஸ்பிஎன் உள்ள புத்தகம் வேண்டும்' என்று சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த விதி எத்தனை பிள்ளைகளை இந்த வியாபாரிகளிடம் தள்ளியிருக்கிறது! மூல இதழின் படத்தையே நேரில் பார்த்தவனை விட்டுவிட்டு, அதைத் தப்பும் தவறுமாக மறு அச்சு போட்ட புத்தகத்தின் பக்க எண்ணை எழுதியவனுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மேற்கோளில் பத்திரிகையின் பெயர், தேதி, பக்கம், பத்தி எண் நான்கையும் எழுதுங்கள். அது எந்தத் தளத்தில் இருந்தாலும் அச்சான நாளிதழ்தான். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

மொழிபெயர்த்தவற்றை இன்றைக்கே இரண்டு கட்டாகப் பிரித்து வையுங்கள். பெயரோ புனைபெயரோ உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம். இரண்டாவது கட்டில் தேதி தெரிந்தவற்றுக்கு மட்டும் நான் சொன்ன தேடலைச் செய்யுங்கள். தேதியே தெரியாதவற்றை, எவ்வளவு அழகாக மொழிபெயர்த்திருந்தாலும், ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.