பூம் தானாக இறங்கினால் சீல்தான் காரணமா?

கே: எங்கள் 20 டன் பொக்லைனில் காலையில் பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை) அப்படியே நிற்கிறது. மதியத்துக்கு மேல் என்ஜினை நிறுத்தினால் மெல்ல இறங்குகிறது. பூமைத் தூக்கும் சிலிண்டரின் சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- வாசகர், கரூர்

ப: சோதிக்காமல் மாற்றாதீர்கள். ஆயில் சூடேறி இளகியதும் கசிவு வெளிப்படுகிறது, அது சரி. ஆனால் கசிவது சிலிண்டரின் பிஸ்டன் சீலாகவும் இருக்கலாம், பூமை இறங்காமல் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங் வால்வாகவும் இருக்கலாம், ஆயில் வழியைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்வு ஸ்பூலாகவும் இருக்கலாம்.

ஆயில் 45 முதல் 55 டிகிரி சூட்டில் இருக்கும்போது சமதளத்தில் ஆர்மை (பூம் நுனியில் உள்ள இரண்டாவது கை) நீட்டி, பக்கெட்டை மாட்டியிருக்கும் பின்னை, பூம் வண்டியோடு சேரும் அடிப்பின்னின் உயரத்துக்குக் கொண்டுவந்து என்ஜினை நிறுத்துங்கள். கீழே ஆள் நடமாட்டம் கூடாது. 5 நிமிடத்துக்கு ஒருமுறை, 15 நிமிடம் வரை சிலிண்டர் ராட் (பிஸ்டனோடு இணைந்த தண்டு) எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து குறியுங்கள். மறுபடி அதே நிலைக்குக் கொண்டுவந்து என்ஜினை நிறுத்திய கையோடு, சாவி ஆனில் இருக்க, பூம் லிவரைத் தூக்கும் பக்கம் இழுங்கள். இறக்கம் வேகமெடுத்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சிலிண்டருக்குள் ராட் இருக்கும் பக்கம் அடைபட்டு நின்ற ஆயிலுக்கு டேங்குக்குப் போக வழி கிடைத்ததால் வந்த வேகம் அது. வேகம் மாறவில்லையா, வால்வைப் பாருங்கள். ஹோல்டிங் வால்வின் பாப்பெட்டில் (வழியை அடைக்கும் மூடி) ஒரு துணுக்கு அழுக்கு சிக்கினாலே பூம் நிற்காது. கழற்றிக் கழுவி, அது உட்காரும் சீட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது அரை நாள் வேலைதான்.

சீல் என்று தெரிந்தால் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பூமை முழுக்கத் தூக்கி, என்ஜினை நிறுத்தி, டேங்க் பிரஷரை விடுவித்து, ராட் பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள். என்ஜினை மறுபடி ஓட்டி, முழு வேகத்தில் தூக்கும் பக்கம் ரிலீஃப் பிரஷர் (ரிலீஃப் வால்வு திறக்கும் உச்ச அழுத்தம்) கொடுத்து, 30 வினாடி விட்டு, அடுத்த 1 நிமிடத்தில் சிலிண்டர் வாயில் வரும் ஆயிலைப் பிடித்து அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். பூமைத் தாங்கும் ஆயில் இருக்கும் அடிப்பக்க ஹோஸில் மட்டும் கைவைக்காதீர்கள், பூம் மொத்தமாக விழும். ராடிலோ பேரலிலோ (சிலிண்டர் குழாய்) கீறல் இருந்தால் புது சீலும் சீக்கிரமே அறுந்துவிடும்.

கே: வண்டி ஓடும் செயின் மிக டைட். அதைத் தளர்த்தும் கிரீஸ் வால்வைத் திருகியும் கிரீஸ் வரவில்லை. முழுக்கக் கழற்றலாமா?
- வாசகர், சேலம்

ப: கூடவே கூடாது. ஒரு சுற்றுக்கு மேல் திருப்பினால் உள்ளிருக்கும் அழுத்தத்தில் வால்வே குண்டுபோல் பாயும். முகத்தை நேரே வைக்காமல், ஒரு சுற்றுக்குள் தளர்த்திவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துங்கள், கிரீஸ் வரும்.

கே: ஐடிஐ டீசல் மெக்கானிக் முடித்த மகன் ஹெல்பராகச் சேர்ந்திருக்கிறான். முதலில் என்ன பழக வேண்டும்?
- வாசகி, நாமக்கல்

ப: ஆயிலைப் படிக்கப் பழகட்டும். சர்வீஸில் கழற்றும் ரிட்டர்ன் ஃபில்டரை (ஆயில் டேங்குக்குத் திரும்பும் வழியில் உள்ளது) தூக்கி எறியாமல் வெட்டிப் பார்க்க வேண்டும். பித்தளைத் தூள் இருந்தால் பம்ப் அல்லது மோட்டார் தேய்கிறது. கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் சீல் தேய்கிறது. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்னொன்று, ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, அட்டையைக் காட்டித் தேட வேண்டும். 350 பார் அளவு அழுத்தத்தில் ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.