ஆல்பம் உறையும் பாட்டோடு சேர்த்திதான்

கேள்வி: பாட்டைக் கேட்பது காது. ஆல்பம் உறைக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? அதுவும் இன்று போனில் நகக்கண் அளவுக்குத்தானே தெரிகிறது? உறையைப் பார்த்து இசையை எடைபோடுவது ரசனைக் குறைவு இல்லையா?

பதில்: உறையைப் பார்த்து இசைக்கு மார்க் போட்டால் ரசனைக் குறைவுதான். பளபளப்பான உறையை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் காது தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறது என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கம் சில நிமிடம்தான் ஓடும். அதனால் பல தட்டுகளைப் போட்டோ ஆல்பம் மாதிரி ஒன்றாகக் கட்டி விற்றார்கள். ‘ஆல்பம்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான். அட்டை பெரும்பாலும் வெறும் பழுப்பு. 1940இல் கொலம்பியா நிறுவனத்தின் இளம் ஓவியர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், ராட்ஜர்ஸ் - ஹார்ட் என்ற அமெரிக்கப் பாடலாசிரிய இரட்டையரின் பாடல் தொகுப்புக்காக நியூயார்க் தியேட்டர் ஒன்றின் வாசல் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்றவைத்து, தொகுப்பின் பெயரை ஒளிரவிட்டுப் படமெடுத்தார். அதை அட்டையில் போட்டார். தட்டு சுழலும் முன்பே கேட்பவர் அரங்க வாசலுக்குப் போய்விடுகிறார். விற்பதற்குச் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த மனநிலையில் உட்கார்ந்து கேட்பது என்பதையும் அது சொல்லிக்கொடுத்தது.

1979இல் வந்த, ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ‘அன்நோன் பிளஷர்ஸ்’ ஆல்பம் உறையைப் பாருங்கள். முன்பக்கம் குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை. கன்னங்கறுப்புக்கு நடுவே மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள். சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் ‘பல்சர்’ வகை விண்மீன் ஒன்றிலிருந்து அடுத்தடுத்து வந்த 80 துடிப்புகளின் பதிவு அது. வானியல் நூலில் வெள்ளைத்தாளில் கறுப்புக் கோடாக இருந்ததை வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கறுப்பில் வெள்ளையாகத் திருப்பினார். அந்த விண்மீன் சுமார் 1.3 வினாடிக்கு ஒருமுறை, பிசகாமல் துடிக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்தபடி முதல் பாட்டைப் போடுங்கள். டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். அடிக்கும் அடிக்கும் நடுவே இருக்கும் குளிர்ந்த வெறுமைதான் என்னை முதலில் பிடித்தது. படம் இல்லாவிட்டாலும் அந்த வெறுமை பாட்டில் இருக்கிறது. ஆனால் எங்கே காது வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டியது படம்.

அளவு சிறுத்தது உண்மை. அதிக நேரம் ஓடும் எல்.பி. தட்டு 12 அங்குலம், சி.டி. 12 சென்டிமீட்டர், போனில் அதற்கும் கீழே. இருந்தும் 1973இல் வந்த, பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உறையில் உள்ள முக்கோணமும் வானவில் கதிரும் அந்த நகக்கண்ணிலும் பளிச்சென்று தெரிகின்றன. உருப்படியாக வரைந்தது சிறுத்தாலும் நிற்கும்.

நாம் இழந்தது வேறு. 1967இல் பீட்டில்ஸ் தங்கள் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தின் பின்னட்டையில் எல்லாப் பாடல் வரிகளையும் அச்சிட்டார்கள். ஊசி ஓடும்போது விரல் வரிமேல் ஓடும். பல ஆல்பங்களின் உறையில் யார் எந்த வாத்தியம், எந்த ஒலிப்பதிவுக் கூடம் என்பதெல்லாம் இருக்கும். இன்று ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் வாசித்தவரின் பெயரை எத்தனை திரை தள்ளித் தேடுகிறீர்கள்? உங்கள் கோபம் அந்தப் பக்கம் திரும்பட்டும்.