காய்ச்சல் விட்ட வாரமும் வாசல் ஸ்னோவும்

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். எனக்கு 69 வயது, இவருக்கு 74. இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, நீரிழிவும் உண்டு. போன நத்தார் லீவுக்கு ஒட்டாவாவிலிருந்து மகளும் கல்கரியிலிருந்து மகனும் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். சின்னப் பேரனுக்கு மூக்கு வடிந்தது, தடிமன்தானே என்று விட்டுவிட்டோம். அவர்கள் போன மறுநாள் இவருக்குக் காய்ச்சலும் உடம்பு நோவும். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் வெளியே போய் ஸ்னோ அள்ளினார். அள்ளும்போதே நெஞ்சு இறுக்கி, அம்புலன்ஸில் கொண்டுபோனோம். சின்ன ஹார்ட் அட்டாக் என்றார்கள். ஊசி போட்டும் ஃப்ளூ வந்ததே, இந்த வருடம் போட மாட்டேன் என்கிறார். பிள்ளைகள் இந்த முறையும் வரப்போகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன செய்வது? எனக்குப் பிரஷர் மட்டும்தான், மாத்திரை எடுக்கிறேன். அந்த லீவோடு பிடித்த வறட்டு இருமல் விட்டபாடில்லை, அது பரவாயில்லை.

பதில்: அம்மா, பிள்ளைகள் வரட்டும். வருடத்தில் ஒரு தடவை பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடுவதை நிறுத்தச் சொல்லி எந்த வைத்தியரும் எழுத மாட்டார். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தவை வேறு இரண்டு: காய்ச்சல் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்ததும், அது விட்ட கையோடு ஸ்னோ அள்ளப் போனதும்.

ஃப்ளூ என்றால் நெஞ்சுச் சளியும் நிமோனியாவும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அது இதயத்தையும் தாக்கும். கிருமியோடு சண்டை போடும்போது உடம்பு முழுக்க அழற்சி ஏறுகிறது, இரத்தம் சுலபமாக உறைகிறது, இதயக் குழாய்களில் படிந்திருக்கும் கொழுப்பு வெடிப்பு விடலாம். நம் ஒன்ராறியோ நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வு, பரிசோதனையில் ஃப்ளூ என்று உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு என்று கண்டது. உங்கள் கணவரின் ஐந்தாம் நாள் அந்த வாரத்துக்குள்தான் வருகிறது. காய்ச்சல் இறங்கிவிட்டாலும் அந்த ஆபத்து அதோடு இறங்குவதில்லை.

இதற்கு மேல்தான் ஸ்னோ. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளை ஆராய்ந்தபோது, 20 சென்ரிமீட்டர் ஸ்னோ கொட்டிய மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பெண்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை. ஸ்னோ அள்ளும் சவளைக் கையில் எடுப்பது பெரும்பாலும் ஆண்கள்தான் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கையால் பாரம் தூக்கினால் காலால் நடப்பதைவிட இதயத் துடிப்பும் பிரஷரும் வேகமாக ஏறும். குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்கும். பாரமான சவளைத் தூக்கும்போது நம்மை அறியாமல் மூச்சையும் அடக்குகிறோம். அதிலும் நகரசபை வண்டி தெருவை வழித்துக்கொண்டு போனபின் டிரைவ்வே வாயில் ஒரு வரம்பு கிடக்குமே, அதுதான் மோசம். பாதி ஐஸ், பாதி தண்ணீர், உப்பும் சேறும் கலந்து கல்லு மாதிரி இருக்கும். வாசலைத் துப்புரவாக்கிக் களைத்தபின் கடைசியாக அதில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ஸ்டென்ட்டும் இருக்கிறது, ஒரு ஹார்ட் அட்டாக்கும் வந்துவிட்டது, அவர் இனிச் சவளைத் தொடவே வேண்டாம். ஸ்னோ தள்ளும் மிஷின் வாங்கலாமே என்பார். அதைக் குளிரில் தள்ளித் திருப்புவதும் இதயத்துக்குப் பாரமான வேலைதான். நவம்பரிலேயே தெருவில் ஒரு பெடியனைப் பிடித்து மாதக் கணக்கில் பேசிவிடுங்கள். நகரசபையின் 311 இலக்கத்தில் முதியவர்களுக்கு என்ன உதவி உண்டு என்றும் கேட்டுப் பாருங்கள். தன் வீட்டு வாசலை இன்னொருவர் துப்புரவாக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. படியில் உப்புத் தூவும் வேலையை அவரிடமே விடுங்கள், சப்பாத்தில் ஐஸ் முள் மாட்டிக்கொண்டு செய்யட்டும். ஆனால் வழுக்கி விழுந்து தலை அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பார்கள், அதனால் மண்டைக்குள் இரத்தம் மெல்ல மெல்லக் கசியலாம்.

இனி, சொல்லாமல் இருந்த விஷயம். ஃப்ளூவுக்கு டமிஃப்ளூ என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகப் பயன்படும். கோவிட்டுக்கான மாத்திரையை 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும், அது சில கொழுப்பு மாத்திரைகளோடும் இதய மருந்துகளோடும் ஒத்துவராது என்பதால் பட்டியலைக் காட்டித்தான் வாங்க வேண்டும். அதனால் முதல் நாளே குடும்ப வைத்தியருக்கு அடியுங்கள். லீவு நாளில் கிளினிக் பூட்டியிருந்தால் 811க்கு அடித்தால் எந்த நேரமும் தாதி ஒருவர் பேசுவார். அப்புறம் பிள்ளைகளுக்கும் அன்றே சொல்லுங்கள். ஆறு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வரும் அழைப்புத்தான் அவர்களை உண்மையில் பயப்படுத்தும்.

வயதானவர்களுக்குக் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை. திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சில் தடுமாற்றம், என்ன நாள் என்று தெரியாமை, கால் தள்ளாடி விழுவது, இவையே முதல் அறிகுறியாக இருக்கலாம். உடம்பு நோவுக்கு ரைலனோல் (பாரசிட்டமோல்) கொடுக்கலாம். ஆனால் தடிமன் மருந்துகள் பலவற்றில் அதே மருந்து கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அட்வில் (ஐபுபுரூஃபன்) வகையும் மூக்கடைப்புக்கு என்று விற்கும் மாத்திரைகளும் உங்கள் கணவருக்கு வேண்டாம். சத்தி, வயிற்றோட்டம் என்று வந்து தண்ணீர் வற்றினால், சில நீரிழிவு, பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எவற்றை என்று இப்போதே ஃபார்மசிஸ்டிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல், புதிதாக மனக் குழப்பம் என்றால் யோசிக்காமல் 911.

பெரிய ஸ்னோப் புயலுக்குப் பிறகு உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சல் இல்லாமல் தலையிடியும் குமட்டலும் வந்தால், ஃப்ளூ என்று படுத்துவிடாதீர்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகை வெளியேறும் குழாயை வெளிச்சுவரில் ஸ்னோ மூடியிருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள் தங்கும். உடனே வெளியே வந்து 911க்கு அடியுங்கள். படுக்கை அறைக்குப் பக்கத்தில் இருக்கும், அந்த வாயுவைக் கண்டு சத்தம் போடும் அலாரத்தின் பற்றரியை நத்தாருக்கு முன் மகனைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

ஊசி விஷயத்தில் உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்விதான். போட்டாலும் ஃப்ளூ வரலாம். ஆனால் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பை அது குறைக்கிறது, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு வாய்ப்பையும் குறைக்கிறது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று வழக்கத்தைவிட 4 மடங்கு வீரியமுள்ள ஊசி உண்டு, அதையே கேளுங்கள். வேலை செய்ய இரண்டு வாரமாகும், ஆகவே டிசம்பர் தொடக்கத்துக்குள் போட்டுவிட வேண்டும். கோவிட் ஊசியையும் சேர்த்துப் போடலாம். ஆர்எஸ்வி என்ற சுவாசக் கிருமிக்கும் இப்போது ஊசி இருக்கிறது. 75 வயதுக்கு மேல் எல்லோருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது, அவரோ அந்த வயதின் வாசலில் நிற்கிறார், குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மகளுக்கும் மருமகளுக்கும் அடித்து, “யாருக்காவது காய்ச்சல், இருமல், சத்தி இருந்தால் தைப்பொங்கலுக்கு வாருங்கோ, அப்பாவுக்கு இன்னொரு தடவை தாங்காது” என்று சொல்லுங்கள். நேரம் இருக்கும்போது சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஃப்ளூ பிடித்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்புவார் என்பதால், எல்லோரும் சுகமாக வந்தாலும் உங்கள் கணவருக்குத் தனி அறை இருக்கட்டும். சாப்பிடும் நேரத்தில் யன்னலைக் கொஞ்சம் திறவுங்கள், குளிர் பரவாயில்லை. பேரன் மடியில் ஏறி இருக்கட்டும், முகத்தில் கொஞ்சுவதை மட்டும் இந்த முறை விடுங்கள். சத்தி எடுத்த பிள்ளை, நின்று இரண்டு நாள் ஆகும்வரை சமையலறைப் பக்கம் வரக்கூடாது. சத்தியைத் தரும் வயிற்றுக் கிருமிக்கு ஜெல் போதாது, சவர்க்காரமும் தண்ணீரும்தான்.

கடைசி வரியில் உங்கள் இருமலைப் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃப்ளூவுக்குப் பின் வரும் இருமல் 8 வாரத்துக்குள் போய்விட வேண்டும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயர் ‘பிரில்’ (pril) என்று முடிகிறதா என்று போத்தலைப் பாருங்கள். ரமிப்ரில், பெரிண்டோப்ரில் போன்றவை சிலருக்கு இதே மாதிரி வறட்டு இருமலைத் தரும், வைத்தியர் வேறு வகைக்கு மாற்றித் தருவார், நீங்களாக நிறுத்த வேண்டாம். எந்த மாத்திரையானாலும் இத்தனை மாதம் நீடித்த இருமலுக்கு நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்தே ஆக வேண்டும். கணவருக்கு ஊசி போடக் கூட்டிப் போகும் அதே நாளில் உங்களுக்கும் நேரம் கேளுங்கள்.