உள்ளங்காலில் சிறுநீரகம் இல்லை: ரிஃப்ளெக்ஸாலஜி கேள்வி பதில்

22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கடைசி 11 ஆண்டுகளாக, வீட்டில் படுக்கையோடு இருக்கும் புற்றுநோயாளிகளுக்கு ரிஃப்ளெக்ஸாலஜி முறையில் பாதம் பிடித்துவிடுகிறேன். பாதத்தின் ஒவ்வொரு இடமும் உடலின் ஓர் உறுப்புக்கு உரியது என்று சொல்லி, அங்கே அழுத்திவிடும் முறை இது. தூக்கம், உடல் தளர்வு, மன அமைதி பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். நோய்க்கு மருந்து வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் போங்கள்.

அக்கா, ரிஃப்ளெக்ஸாலஜியும் அக்குபிரஷரும் ஒன்றுதானா? (திண்டுக்கல்)

ஒன்றல்ல. அக்குபிரஷர் சீன மருத்துவத்தைச் சேர்ந்தது. உடல் முழுவதும் உள்ள புள்ளிகளை அழுத்துவார்கள். ரிஃப்ளெக்ஸாலஜி அமெரிக்காவில் உருவானது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உடலைத் தலை முதல் கால் வரை 10 மண்டலங்களாகப் பிரித்து, 1917-இல் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து புத்தகம் எழுதினார். யூனிஸ் இங்கம் என்ற பெண்மணி அந்தக் கருத்தைப் பாதத்தின் மேல் விரித்து, எந்த இடம் எந்த உறுப்புக்கு என்று படம் போட்டார். அவருடைய புத்தகம் 1938-இல் வந்தது. இன்று சுவரில் தொங்கும் வண்ணப் பாதப் படங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இது உண்மையிலேயே வேலை செய்கிறதா? நேராகச் சொல்லுங்கள். (சேலம்)

எதற்கு என்பதைப் பொறுத்தது. 2009-இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 18 சோதனைகளை அலசிய ஆய்வு வந்தது. எந்த நோய்க்கும் இது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்பதே அதன் முடிவு. 2012-இல் அமெரிக்காவில், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள 385 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. ரிஃப்ளெக்ஸாலஜி பெற்றவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது. எழுந்து நடமாடும் திறன் கூடியது. வலியிலும் குமட்டலிலும் மனப்பதற்றத்திலும் வேறுபாடு தெரியவில்லை. என் தொழிலுக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

நான் கண்ணால் கண்டதையும் சொல்கிறேன். ஒரு பாட்டி, எலும்புவரை பரவிய நோய். பாதத்தைத் தொட்டதும் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டார். பத்து நிமிடம் கணுக்காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் முதலில் விரிந்தது, பிறகு மற்றவை. நெற்றிச் சுருக்கம் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிவிட்டார். வலித்துவிடுமோ என்ற பயத்தில் அவருடைய மகன் மூன்று மாதமாக அம்மாவைத் தொடவே இல்லை. அன்று அவர் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தேன். நோய் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு இரவும் அந்த மகன் தாயின் காலடியில் உட்கார்ந்தார். இந்தக் கலை தரக்கூடியது இதுதான், இது சின்ன விஷயமில்லை.

வீட்டில் அம்மாவுக்குச் செய்துவிட ஆசை. முறை சொல்வீர்களா? (தஞ்சாவூர்)

மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். முதலில் பாதத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்: விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம். புண், கொப்புளம், வீக்கம் இருந்தால் அன்று வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். அம்மா சாய்ந்து உட்காரட்டும், முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை. எண்ணெய் நிறைய ஊற்றினால் விரல் வழுக்கும். நான்கைந்து சொட்டு போதும்.

கணுக்காலை இரு பக்கமும் மெதுவாகச் சுழற்றுங்கள். பிறகு குதிகாலிலிருந்து விரல் நோக்கிக் கட்டைவிரலால் "நடக்க" வேண்டும். கட்டைவிரலின் முதல் கணுவை மடக்கி, நிமிர்த்தி, அரிசி அளவு முன்னேறி, மறுபடி மடக்குவது. கம்பளிப்புழு நகர்வதைப் போல. தோளிலிருந்து பலம் கொடுக்காதீர்கள். முன்பாதத்தின் மேட்டுக்குக் கீழே, இரண்டாம் மூன்றாம் விரல்களுக்கு நேராக ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கே கட்டைவிரலை வைத்து, அம்மா மூச்சை இழுக்கும்போது அழுத்தி, விடும்போது தளர்த்துங்கள். ஐந்தாறு மூச்சு. முடிவில் இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் ஏந்தி ஒரு நிமிடம் சும்மா இருங்கள். ஒரு காலுக்கு 15 நிமிடம் போதும். வலிக்க வலிக்கச் செய்தால்தான் பலன் என்பது தவறு. முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

நடுப்பாதத்தில் அழுத்தினால் வலிக்கிறது. சிறுநீரகக் கல்லாக இருக்குமா? (ஈரோடு)

பாதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், 18 பேருக்கு இருக்கும் நோய் என்னவென்று சொல்லாமல், இரண்டு ரிஃப்ளெக்ஸாலஜி வல்லுநர்களைப் பாதங்களைச் சோதிக்கச் செய்தார்கள். அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒருவர் சொன்னதோடு மற்றவர் சொன்னது ஒத்தும் போகவில்லை. பாதத்தில் 26 எலும்புகளும் எத்தனையோ தசைநார்களும் இருக்கின்றன. வலிப்பது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். கல் சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுங்கள்.

கட்டைவிரல் நுனி வலிக்கிறது, மூளையில் ஏதாவது...? (கரூர்)

மேலே ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். செருப்பு சின்னதா என்றும் பாருங்கள்.

இயந்திரத் தொட்டியில் காலை வைத்தால் தண்ணீர் பழுப்பாகிறது. கழிவுதானே வெளியேறுகிறது? (சென்னை)

இல்லை. உப்புநீரில் மின்சாரம் பாயும்போது உள்ளேயிருக்கும் இரும்பு அரிக்கப்படுகிறது, அந்தத் துருவின் நிறம் அது. காலே வைக்காமல் ஓடவிட்டாலும் பழுப்பாகும்.

மெட்டி அணிவதே ரிஃப்ளெக்ஸாலஜிதானே? இரண்டாம் விரலிலிருந்து கருப்பைக்கு நரம்பு போகிறது என்று நம் முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். (கும்பகோணம்)

அப்படி ஒரு நரம்பு இல்லை. விரல் நரம்புகள் காலின் வழியே தண்டுவடத்துக்குப் போகின்றன. ரிஃப்ளெக்ஸாலஜி படத்தின்படியும் இது பொருந்தாது: அதில் கருப்பையின் இடம் உட்கணுக்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவில். இரண்டாம் விரலின் அடியில் இருப்பது கண்.

மீண்டும் கும்பகோணம்: அறிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதால் பொய் என்று ஆகிவிடுமா? மெட்டி அணிந்த என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள்.

உங்கள் பாட்டியை வணங்குகிறேன். ஆனால் மெட்டி அணிந்தும் குழந்தையில்லாமல் தவித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். "நீ ஒழுங்காக மெட்டி போடவில்லை" என்று மாமியாரிடம் பேச்சு வாங்கியவளும் அவர்களில் உண்டு. அதனால்தான் இதை விட மறுக்கிறேன். மெட்டி அழகு, மெட்டி மரபு. அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: நாங்கள் வர்ம ஆசான் குடும்பம். காலிலும் வர்மங்கள் உண்டு. வெள்ளைக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்ததுதானே இது?

ஐயா, வர்மத்தை இதனோடு சேர்ப்பது வர்மத்துக்குத்தான் குறை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று உங்கள் ஆசான்கள் 108 இடங்களை வகுத்தார்கள். அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடும் எலும்பு முறிவு வைத்தியத்தோடும் வளர்ந்த அறிவு அது. "இந்த இடம் கல்லீரல், இந்த இடம் நுரையீரல்" என்று பாதத்தைப் பங்கு போடும் படம் அதில் இல்லை. இரண்டும் தொடுகிறது என்பதால் ஒன்று மற்றதன் பிள்ளையாகிவிடாது. இரண்டு நாளாக மெட்டிக்கும் வர்மத்துக்கும் மட்டும் நாற்பதுக்கு மேல் பதில்கள் வந்துவிட்டன. அதற்குள் கீழே இருக்கும் கேள்வி புதைந்துபோயிருந்தது. அதுதான் இங்கே முக்கியமானது.

அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. பூங்காவில் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கிறார், முள் வைத்த அக்குபிரஷர் செருப்பும் வாங்கியிருக்கிறார். நல்லதுதானே? (மதுரை)

தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நீண்ட நாள் சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிடும். கல் குத்தினால் உங்களுக்கு வலிக்கும், காலை எடுப்பீர்கள். அவருக்கு வலிக்காது, நடப்பார். கொப்புளம் புண்ணாகி, புண் எலும்புவரை போன பாதங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். எனவே இது உங்கள் அப்பாவின் கதை மட்டுமல்ல. மருத்துவரிடம் மெல்லிய நைலான் இழையால் பாத உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை கல் பாதை, முள் செருப்பு, அழுத்தம் எதுவும் வேண்டாம்.

எனக்கும் சர்க்கரை, ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிறது... (விருதுநகர்)

அதே பதில். முதலில் பரிசோதனை.

ஒரு காலில் மட்டும் வீக்கம். பிடித்துவிட்டால் வடியுமா? (கோவை)

தொடாதீர்கள். கெண்டைக்கால் சூடாக, சிவந்து, வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மூன்று மாதக் கர்ப்பம், செய்துகொள்ளலாமா? (திருச்சி)

முதல் மூன்று மாதம் நான் யாருக்கும் செய்வதில்லை. பிறகும் உங்கள் மகப்பேறு மருத்துவர் சம்மதித்தால் மட்டும்.

பக்கவாதம் வந்து பேச்சில்லாமல் இருக்கும் என் பாட்டிக்கு நான் செய்யலாமா? எனக்குப் பதினாறு வயது. (காரைக்குடி)

முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடு, அம்மா. அவர் சரி என்றதும் செய்யலாம். வலிக்கிறது என்று பாட்டியால் சொல்ல முடியாது, அதனால் பூப்போல மட்டும் தொடு. மரத்துப்போன பக்கத்தில் அழுத்தவே வேண்டாம். புருவத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இரு. தொடங்குவதற்கு முன் உன் நகங்களை ஒட்ட வெட்டி, கையைச் சூடுபறக்கத் தேய்த்துக்கொள்.