வாசகர் கேள்விகள்: கோபத்தில் பிறந்த சிரிப்பு

கேள்வி: கார்ல் ஹையாசனின் க்ரைம் நாவல்களைச் சிரித்துச் சிரித்துப் படித்தேன். நாவல் இத்தனை நன்றாக வரும்போது, பத்திரிகை வேலையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: விட்டிருந்தால் நாவலே வந்திருக்காது என்பது என் கட்சி. 1953-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பிறந்து, எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர் அவர். சின்ன வயதில் பாம்பு பிடித்துத் திரிந்த இடமெல்லாம் கண்ணெதிரே ரோடும் கட்டடமுமாக மாறின. அந்த ஆத்திரம் ஆறவே இல்லை. 1976-ல் ‘மயாமி ஹெரால்ட்’ நாளிதழில் சேர்ந்தார், அப்புறம் அதன் புலனாய்வுக் குழுவில் இருந்தார், 1985-ல் அதிலேயே தன் கருத்தைத் தொடர்ந்து சொல்லும் பத்தி எழுத ஆரம்பித்தார். மறு வருஷமே தனியாக எழுதிய முதல் நாவல், ‘டூரிஸ்ட் சீசன்’.

அதில் மயாமி வர்த்தக சபைத் தலைவரின் பிணம் ஒரு சூட்கேஸுக்குள் கிடைக்கிறது. தொண்டையில் அடைத்திருப்பது ரப்பர் முதலை பொம்மை! சுற்றுலாப் பயணிகளை விரட்டினால்தான் ஊர் பிழைக்கும் என்று கிளம்பிய கும்பலுக்குத் தலைவன் யார் என்று பார்த்தால், ஒரு பத்தி எழுத்தாளன். பத்தியில் ஆளின் பெயரைச் சொல்லியே சாடலாம், ஆனால் ஆதாரத்தைத் தாண்டி ஒரு வரி எழுத முடியாது; நாவலில் அதே மாதிரி ஆளை முதலை வாயில்கூடத் தள்ளிவிடலாம். இரண்டு கையாலும் எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டும். சிறுவர்களுக்காக 2002-ல் எழுதிய ‘ஹூட்’ நாவலிலும் அதே சண்டைதான்: தரையில் வளை தோண்டி வாழும் ஆந்தைகளின் மேல் பான்கேக் கடை கட்ட வருகிறார்கள், ஒரு பையன் ராத்திரியில் போய் நிலத்தை அளந்து நட்ட குச்சிகளைப் பிடுங்கிப் போடுகிறான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் அதைக் கொடுங்கள்.

கேள்வி: பிறகு ஏன் பத்தியை நிறுத்தினார்?
(வாசகர், ஈரோடு)

பதில்: 2021 மார்ச்சில், முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு ஓய்வு பெற்றார். நாவலை நிறுத்தவில்லை. 2018-ல் மேரிலாந்தில் ‘கேபிடல் கெசட்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் ஒருவன் புகுந்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றானே, அதில் இவருடைய தம்பி ராபும் ஒருவர், அவரும் பத்திரிகைக்காரர். அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் பத்தி எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. கடைசிப் பத்தியில் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கவில்லை, உள்ளூர் நிருபர்கள் குறைந்துபோனதைப் பற்றிக் கவலைப்பட்டார். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் தெருக்கோடியில் இருபது ஏக்கர் பைன் மரங்களை புல்டோசர் சாய்த்துக்கொண்டிருக்கும், என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், நமக்கும் தெரியாது என்று எழுதினார்.